மெஷின் யாருடையது?

மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. அம்மாவைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் எழுத நம் கல்லூரியில் ஆள் பஞ்சமும் இல்லை. ஆகவே கேன்டீனில் நடந்த ஒரு சண்டையைப் பற்றி எழுதுகிறேன். சண்டை என்றதும் முதல்வர் அறை வரைக்கும் போன அந்தச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். இது கைக்கடிகாரச் சண்டை.

எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பன் ஒருவன் செல்போனில் ஒரு படம் காட்டினான். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் ஏலம் போன ரோலக்ஸ் டேடோனா கடிகாரம். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கையில் கட்டியிருந்தது. விலை ஒரு கோடியே 77 லட்சத்து 52 ஆயிரத்து 500 டாலர். ரூபாய் அல்ல நண்பர்களே, டாலர்! நாங்கள் வாயைப் பிளந்துகொண்டிருக்கும்போதே அவன் சொன்னான்: "இதுல காமெடி என்னன்னா, உள்ள இருக்கற மெஷின் ரோலக்ஸ் பண்ணதே இல்லடா. வால்ஜூன்னு வேற ஒரு கம்பெனி. வெளிய பேரு, உள்ள டூப்பு. இதுக்கா இத்தன கோடி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்று கோபம் வந்தது. ரோலக்ஸுக்கும் எனக்கும் எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் கையில் இருப்பது அப்பா கல்யாணத்துக்குக் கிடைத்த பழைய ஹெச்.எம்.டி. ஆனால் 'டூப்பு' என்ற அந்தச் சொல் எங்கோ போய்க் குத்தியது. எங்கே என்று பிறகு சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

அவன் சொன்ன தகவல் உண்மைதான். 1963-ல் டேடோனா வந்ததிலிருந்து 1988 வரை அதற்குள் ஓடியது வால்ஜூ 72 என்ற மெஷினை அடிப்படையாகக் கொண்டது. 1988 முதல் 2000 வரை ஜெனித் கம்பெனியின் எல் பிரிமேரோ மெஷினை வாங்கி மாற்றியமைத்துப் போட்டார்கள். 2000-ல்தான் ரோலக்ஸ் தானே உருவாக்கிய 4130 மெஷின் டேடோனாவுக்குள் வந்தது. ஆக 37 வருடம் இன்னொருவர் மெஷின்! தகவலில் தப்பில்லை. அதிலிருந்து அவன் எடுத்த முடிவில்தான் தப்பு.

இந்த விஷயமெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய வாட்ச் கடை இருக்கிறது. அந்தக் கடை பாய் துபாயில் பல வருடம் வாட்ச் ரிப்பேர் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பத்தாம் வகுப்பு லீவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவது என் வழக்கம். சம்பளம் கிடையாது. டீ உண்டு. அவர் சொன்னதும், அவர் சொல்லிவிட்ட பெயர்களைப் பிடித்துக்கொண்டு நான் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

குரோனோகிராஃப் என்பது ஸ்டாப் வாட்ச் சேர்ந்த கைக்கடிகாரம். சாவிக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். மேலே அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழே அழுத்தினால் முள் எல்லாம் பூஜ்யத்துக்குத் திரும்பும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தால்தான் தெரியும். கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்திலேயே இன்னொரு கியர் வரிசையைக் கொண்டுபோய் இணைக்க வேண்டும். ஓடுகிற லாரிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுக்கிற மாதிரி. ஆனால் லாரியின் வேகம் குறையக் கூடாது, கட்டும்போது குலுங்கவும் கூடாது. பூஜ்யத்துக்குத் திரும்பும் வேலையைச் செய்வது இதய வடிவில் இருக்கிற ஒரு கேம். அதன் மேல் ஒரு சின்னச் சுத்தியல் எந்த இடத்தில் வந்து அடித்தாலும் அது வழுக்கித் திரும்பி ஒரே நிலையில் வந்து நிற்கும். ஆம்! நாம் டிராயிங் ஷீட்டில் போட்டுப் போட்டு அழித்தோமே, அதே கேம் - ஃபாலோயர்தான். பாய் கடையில் லென்ஸை மாட்டிக்கொண்டு அதை முதல் முறை பார்த்த அன்றுதான் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது. (மன்னிக்கவும் சார்.)

இப்படி ஒரு மெஷினைப் புதிதாக வடிவமைக்க வருடக்கணக்கில் ஆகும். அதற்கென்று டை, டூல், ஆட்கள் எல்லாம் வேண்டும். விற்கப்போவதோ குறைந்த எண்ணிக்கை. அதனால் சுவிட்சர்லாந்தில் பெரிய பெயர்கள் பலவும் குரோனோகிராஃப் மெஷினை அதிலேயே தேர்ந்த சில கம்பெனிகளிடம் வாங்கின. வால்ஜூ, லெமானியா, வீனஸ், லாண்டெரான் என்று பெயர்கள் உண்டு. வாங்கியது பெரும்பாலும் முழு மெஷின் அல்ல. எபோஷ் என்று சொல்வார்கள். தட்டு, பாலம், சக்கரம் எல்லாம் உள்ள கச்சா நிலை. நம் ஊரில் காஸ்டிங் வாங்கி வந்து மெஷினிங் செய்வார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. வாங்கியவர்கள் அதன் ஓரங்களை இழைத்து, பாலிஷ் செய்து, பேலன்ஸ் வீலையும் ஹேர் ஸ்பிரிங்கையும் மாற்றி, நேரம் சரி செய்து தங்கள் கடிகாரத்துக்குள் வைத்தார்கள்.

இது ஏதோ பிற்காலத்தில் வந்த குறுக்குவழியும் அல்ல. சுவிஸ் கடிகாரத் தொழிலே அப்படித்தான் வளர்ந்தது. ஜூரா மலைப்பகுதியில் பனிக்காலத்தில் விவசாய வேலை இருக்காது. வீட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குடும்பம் சக்கரம் வெட்டும், இன்னொரு குடும்பம் ஸ்பிரிங் செய்யும், ஒருவர் எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்துக் கடிகாரமாக்கித் தன் பெயரில் விற்பார். லா ஷோ-டி-ஃபோன் என்ற ஊர் முழுவதையுமே ஒரு பெரிய கடிகாரத் தொழிற்சாலையாகக் கருதலாம் என்று கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் முதல் பாகத்தில் குறிப்பிடுகிறார். கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு என்று கோவையில் தெருவுக்குத் தெரு லேத் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை.

அந்த வாங்கின மெஷின்கள் என்ன கிழித்தன என்று பார்ப்போமா? பட்டேக் பிலிப் என்ற ஜெனீவா கம்பெனியைக் கடிகார உலகில் உச்சாணியில் வைத்துப் பேசுவார்கள். அவர்கள் 1941-ல் கொண்டுவந்த 1518 என்ற மாடலில் குரோனோகிராஃபும் உண்டு, நிரந்தர நாள்காட்டியும் உண்டு. அதன் அடிப்படை வால்ஜூ. எஃகில் செய்த ஒரு 1518 கடிகாரம் 2016 நவம்பரில் ஜெனீவாவில் ஒரு கோடியே 10 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு ஏலம் போயிற்று. 1986-லிருந்து இருபது வருடத்துக்கும் மேலாக அதே பட்டேக் பிலிப் தன் குரோனோகிராஃப்களில் வைத்தது லெமானியாவின் எபோஷ். அதற்கு மாற்றாகத் தன் சொந்த மெஷினை 2009-ல் வெளியிட்டது. இத்தனைக்கும் யாரும் பட்டேக்கை டூப்பு என்று சொன்னதில்லை.

அடுத்து நிலாவுக்குப் போன ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். (நிலாவைப் பற்றி எழுதமாட்டேன் என்று சொன்னேன். வந்துவிட்டது.) விண்வெளி வீரர்களுக்கு வாட்ச் வேண்டும் என்று நாசா சில கம்பெனிகளின் குரோனோகிராஃப்களை வாங்கி வெப்பத்தில் வைத்தது, குளிரில் வைத்தது, வெற்றிடத்தில் வைத்தது, ஈரப்பதத்தில் வைத்தது, அதிர்ச்சி கொடுத்தது. தேறி வந்தது ஒமேகா ஒன்றுதான். 1965 மார்ச் 1-ல் அதற்கு அங்கீகாரம் கிடைத்தது. உள்ளே இருந்த 321 மெஷின் லெமானியா வடிவமைத்தது. லெமானியாவும் ஒமேகாவும் 1932-லிருந்தே ஒரே குழுமத்தில் இருந்த அண்ணன் தம்பிக் கம்பெனிகள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. இருந்தாலும் மெஷின் பிறந்தது அண்ணன் வீட்டில்தானே? 1970-ல் அப்பல்லோ 13 விண்கலம் பழுதாகித் திரும்பி வரும்போது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடி இயக்க வேண்டியிருந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்த கலத்தின் கருவிகளை அணைத்து வைத்திருந்தார்கள். அந்த 14 விநாடியை எண்ணியது கையில் கட்டிய ஸ்பீட்மாஸ்டர். உள்ளே இருக்கிற மெஷின் யாருடையது என்ற கேள்வி அந்த நேரத்தில் யாருக்கு வந்திருக்கும்?

இனி ஜெனித் கதை. எனக்கு மிகவும் பிடித்த கதை. எத்தனை முறை யாரிடம் சொன்னேன் என்று கணக்கில்லை. எங்கள் பெஞ்சில் இருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

1969 ஜனவரியில் ஜெனித் கம்பெனி எல் பிரிமேரோ என்ற தானியங்கிக் குரோனோகிராஃப் மெஷினை அறிவித்தது. மணிக்கு 36,000 துடிப்பு, அதாவது விநாடிக்குப் பத்து. விநாடியில் பத்தில் ஒரு பாகத்தை அளக்கலாம். அடுத்த சில வருடங்களில் குவார்ட்ஸ் கடிகாரம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. ஜெனித்தை அப்போது வாங்கியிருந்தது அமெரிக்காவில் ரேடியோ, டி.வி. செய்கிற ஒரு கம்பெனி. அதன் பெயரும் ஜெனித்தான். இனி இயந்திரக் கடிகாரம் வேண்டாம், கருவிகளை எல்லாம் விற்றுவிடுங்கள் என்று 1975-ல் அங்கிருந்து உத்தரவு வந்தது. லெ லோக்ல் ஊர்த் தொழிற்சாலையில் குரோனோகிராஃப் பகுதியில் பொறுப்பில் இருந்த ஷார்ல் வெர்மோ என்பவர் வேண்டாம் என்று கடிதம் எழுதிப் பார்த்தார். பலனில்லை. ஆகவே யாருக்கும் தெரியாமல் கேம்கள், கட்டிங் கருவிகள், வரைபடங்கள் என்று ஒவ்வொன்றாக மாடிப் பரணுக்குக் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். எது எங்கே இருக்கிறது, எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று குறிப்பும் எழுதி வைத்தார். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். நம் ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு ட்ரில் பிட் காணாமல் போனாலே என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும்.

1978-ல் ஜெனித் மறுபடி சுவிஸ் கைக்கு வந்தது. எண்பதுகளில் எல் பிரிமேரோவைத் திரும்பச் செய்யலாம் என்றபோது, வெர்மோ பரணைக் காட்டினார். அப்போது வந்த பெரிய வாடிக்கையாளர்தான் ரோலக்ஸ். அந்த ஆர்டரால்தான் ஜெனித் நிமிர்ந்து நின்றது. ரோலக்ஸும் வாங்கியதை அப்படியே எடுத்துப் போட்டுவிடவில்லை. தேதி காட்டும் பகுதியைக் கழற்றியது. 36,000 துடிப்பை 28,800 ஆகக் குறைத்தது. வேகம் குறைந்தால் தேய்மானம் குறையும், எண்ணெய் நீண்ட நாள் நிற்கும். தன்னுடைய பேலன்ஸ் வீலை வைத்தது, ஹேர் ஸ்பிரிங்கை மாற்றியது. அப்படி உருவானதுதான் 4030. இப்போது சொல்லுங்கள், இந்த மெஷின் யாருடையது? ஜெனித்துடையதா? ரோலக்ஸுடையதா? பரணில் ஏற்றி வைத்த மனிதருடையதா? டயலில் ரோலக்ஸ் பெயர் மட்டும்தான் இருந்தது.

நம்பகத்தன்மை என்று வந்தால் வால்ஜூ 7750 பற்றிச் சொல்லாமல் முடியாது. எட்மண்ட் காப் என்ற பொறியாளர் வடிவமைத்து 1974-ல் வந்தது. தடிமன் 7.9 மில்லி மீட்டர். அழகு என்று சொல்ல மாட்டேன். ரோட்டர் ஒரு பக்கம் சுற்றும்போதுதான் சாவி ஏறும், மறுபக்கம் சும்மா விர்ரென்று சுற்றும். கையில் கட்டியிருந்தால் அந்த ஆட்டம் தெரியும். பொத்தானும் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் அழுந்தும். ஆனால் உழைப்பு! மாட்டுவண்டி மாதிரி போய்க்கொண்டே இருக்கும் என்பார் பாய். ஐ.டபிள்யூ.சி. கம்பெனியில் குர்ட் கிளாஸ் என்பவர் இதே 7750-க்கு மேல் ஒரு நிரந்தர நாள்காட்டியை ஏற்றி, ஆண்டை நான்கு இலக்கத்தில் காட்டுகிற டா வின்சி கடிகாரத்தை 1985-ல் கொண்டுவந்தார். அடிப்படை மெஷின் பொதுச்சொத்து மாதிரி. அதன் மேல் அவர் கட்டியது யாரும் கட்டாதது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் பாய் கடைக்கு வந்தார். கையில் நல்ல விலையுள்ள குரோனோகிராஃப். பெயர் வேண்டாம். ஓடினால் அரைமணி நேரத்தில் நின்றுவிடுகிறது. கம்பெனி சர்வீஸில் சொன்ன தொகை என் மூன்று வருட ஃபீஸைவிட அதிகம், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். பாய் பின்மூடியைத் திறந்து பார்த்ததும் சிரித்தார். "7750 சார். துபாய்ல நூறு பார்த்திருப்பேன்." பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. இத்தனை காசு கொடுத்து வாங்கினேன், உள்ளே ஊர்ப்பட்ட கம்பெனிக்குப் போகிற மெஷினா என்று கேட்டார். பாய் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "ஊர்ப்பட்ட கம்பெனிக்குப் போறதாலதான் சார் என்கிட்ட ஸ்பேர் இருக்கு."

ஒரு வாரத்தில் சரியாயிற்று. காய்ந்த எண்ணெயைக் கழுவி, தேய்ந்த ஒரு சக்கரத்தை மாற்றியதுதான் வேலை. இதுவே ஒரு கம்பெனி தனக்கென்று மட்டும் செய்துகொண்ட மெஷினாக இருந்திருந்தால், பாய் பெட்டியில் அந்தச் சக்கரம் இருந்திருக்காது. பல கம்பெனிகள் வெளி ஆட்களுக்கு ஸ்பேர் தருவதும் இல்லை. சொந்த மெஷின் என்ற பெருமை வாங்கும்போது இனிக்கும். இருபது வருடம் கழித்து ரிப்பேருக்கு அலையும்போது அதே பெருமை ஒரு பூட்டு.

7750 எல்லாம் ஒரே தரம் என்றும் நினைக்க வேண்டாம். அதையே பல தரங்களில் விற்கிறார்கள். மேல் தரத்தில் பேலன்ஸ் வீல், ஹேர் ஸ்பிரிங் எல்லாம் உயர்ந்தவை. குரோனோமீட்டர் சோதனைக்கே அனுப்பலாம். அந்தச் சோதனையில் 15 நாள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் வைத்துப் பார்ப்பார்கள். சராசரியில் நாளுக்கு 4 விநாடி பின்தங்கலாம், 6 விநாடி முந்தலாம், அதற்குமேல் போகக்கூடாது. வாங்கின மெஷின் போட்ட கடிகாரங்கள் ஏராளமாக அதில் தேறியிருக்கின்றன. அளவுகோல் முன்னால் சொந்தம், வாங்கினது என்ற ஜாதி கிடையாது.

இப்போது அந்த 'டூப்பு' எங்கே குத்தியது என்று சொல்கிறேன்.

என் அப்பா கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் டர்னர். ஐந்தாவது வரை படித்தவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். சென்ற வருட லீவில் இன்பிளான்ட் டிரெய்னிங் போனேன். மோட்டார் பம்ப் செய்கிற கம்பெனி. அசெம்பிளி லைனில் எங்களைச் சுற்றிக் காட்டிய இன்ஜினியர் ஒரு ஷாஃப்ட்டைக் கையில் எடுத்து, "இது எங்க சொந்தத் தயாரிப்பு, பேரிங் உட்கார்ற இடத்துல 0.01 மில்லி மீட்டர் கூடினாலும் ரிஜக்ட் பண்ணிடுவோம்" என்றார். பக்கத்தில் நீல டிரே இருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு எழுத்து. அந்த எழுத்து அப்பா பட்டறையின் எழுத்து. சின்ன வயதில் அந்த டிரேயைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து நான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் வரவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நம்ம பேரப் போட்டா எவன் வாங்குவான் சாமி? ரிஜக்ஷன் வராம இருந்தாப் போதும். அவிங்களும் ஒண்ணொண்ணா அளந்து பாத்துத்தான எடுக்கறாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பில்லு பணத்தத்தான் மூணு மாசமா இழுக்கறாங்களாம், ஓனர் பொலம்பறாரு" என்றார். சிறுதொழில்காரர்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது என்று நான் சொன்னேன். அப்பா சிரித்தார். பட்டறை ஓனர் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும்.

அளந்து பார்த்துத்தான் எடுக்கிறார்கள் என்று அப்பா சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. நல்ல பாகத்தைத் தேர்ந்தெடுப்பதும், சோதிப்பதும், மேலே வேலை செய்து சேர்ப்பதும் ஒரு தொழில்தான். ரோலக்ஸ் ஜெனித்திடம் வாங்கி 4030 ஆக்கியது அப்படிப்பட்ட தொழில். அதற்குப் பணம் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் குறை சொல்வது வேறு ஒன்றை. வாங்கின மெஷினில் ரோட்டரில் மட்டும் தன் பெயரைப் பொறித்து, புதிதாக ஒரு நம்பரும் கொடுத்து, ஏதோ தானே பெற்ற பிள்ளை போலக் காட்டுவது இருக்கிறதே, அதை. ஒமேகாவில் 1164 என்றும், டாக் ஹாயரில் காலிபர் 16 என்றும் வந்தவை 7750 குடும்பத்து மெஷின்கள்தான். கடையில் நம்பரைப் பார்க்கிற வாடிக்கையாளருக்கு இது தெரியுமா?

டாக் ஹாயர் 2009 டிசம்பரில் 1887 என்ற மெஷினைத் தன் சொந்த மெஷினாக அறிவித்தது. அதன் அடிப்படை வடிவம் ஜப்பானின் சீக்கோவுடையது என்று பிறகு பேச்சு எழுந்தது. உரிமையைக் காசு கொடுத்து வாங்கி, மாற்றங்கள் செய்து, சுவிட்சர்லாந்தில் தயாரிக்கிறோம் என்று கம்பெனி விளக்கியது. வாங்கியதில் ஒரு கேவலமும் இல்லை. சீக்கோ மோசமான கம்பெனியும் இல்லை. முதல் நாளே பெயரைச் சொல்லியிருந்தால் பாராட்டோடு போயிருக்கும். இதற்கு நேர்மாறாக 2017-ல் டியூடரும் பிரைட்லிங்கும் செய்தார்கள். பிரைட்லிங்கின் பி01 குரோனோகிராஃப் மெஷினின் அடிப்படையை டியூடர் வாங்கியது. டியூடரின் மூன்று முள் மெஷினை பிரைட்லிங் வாங்கியது. பண்டமாற்று! இரண்டு பேரும் வெளிப்படையாகச் சொன்னார்கள். யாருக்கும் மானம் போகவில்லை, இரண்டு கடிகாரமும் விற்றன.

என் நண்பன் தரப்பிலும் பேச இருக்கிறது. இன்னொருவரை நம்பியிருந்தால் அவர் கையை உதறும்போது என்ன செய்வது? அது நடந்தது. ஈட்டா என்ற கம்பெனிதான் பின்னாளில் வால்ஜூ உள்பட பெரும்பாலான மெஷின்களைச் செய்தது. அது ஸ்வாட்ச் குழுமத்தின் கையில். போட்டிக் கம்பெனிகளுக்கு எபோஷ் கொடுப்பதை நிறுத்தப்போகிறோம் என்று 2002-ல் அறிவித்தார்கள். நாங்கள் தொழிற்சாலையில் முதலீடு செய்கிறோம், நீங்கள் விளம்பரத்தில் செய்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். அந்நாட்டுப் போட்டி ஆணையம் தலையிட்டுப் பல வருடம் இழுத்து, 2013-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2019 வரை படிப்படியாகக் குறைக்கலாம் என்றாயிற்று. அதற்குள் ஈட்டாவுக்கே அசெம்பிளி வேலை செய்துகொண்டிருந்த செல்லிட்டா என்ற கம்பெனி, காப்புரிமைக் காலம் முடிந்த 7750-ஐ எஸ்.டபிள்யூ. 500 என்ற பெயரில் தானே செய்து விற்க ஆரம்பித்தது. ஜாப் ஒர்க் பட்டறை ஒன்று தன் சொந்தப் பெயரில் கடை போட்ட மாதிரி. இதைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

சொந்த மெஷினால் உண்மையான முன்னேற்றம் வந்ததும் உண்டு. ரோலக்ஸின் 4130-ல் பாகங்களைக் குறைத்தார்கள். கிளட்ச் மேலும் கீழுமாக இணைவதால் ஸ்டாப் வாட்ச் முள் குலுங்காமல் கிளம்பும். ஒருமுறை முழுச் சாவி ஏறினால் 72 மணி நேரம் ஓடும். 4030-ஐவிட அது நல்ல மெஷின், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நல்ல மெஷினாக இருப்பது நன்றாக வடிவமைத்ததால். வீட்டுக்குள் செய்ததால் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதற்குத்தான் விளம்பரத்துக்குக் காசு செலவழிக்கிறார்கள். என் கையில் இருக்கிற ஹெச்.எம்.டி.யும் 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கிய தொழில்தான். 2016-ல் அந்தக் கடிகாரத் தொழிலை மூட முடிவெடுத்தார்கள். என் வாட்ச் இன்னும் ஓடுகிறது. பாய் புண்ணியம்.

டிரெய்னிங் ரிப்போர்ட் எழுதும்போது பாகங்கள் அட்டவணையில், ஷாஃப்ட்டுக்கு நேரே 'எங்கே செய்யப்படுகிறது' என்ற கட்டத்தில் அப்பா பட்டறையின் பெயரை எழுதினேன். ரஃப் காப்பியைப் பார்த்த சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "கம்பெனி ரிப்போர்ட்ல இதெல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். உண்மைதான் சார் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பினார்.

ரஃப் காப்பியை வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததால் எது எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். பட்டறைப் பெயர் இருக்கிற கட்டத்தைக் காட்டினேன். ம் என்றார். பக்கத்துக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மெட்டீரியல், ஈ.என். 9 என்று படித்தேன்.

"ஈ.என். 9 இல்ல கண்ணு, ஈ.என். 8. தப்பா எழுதாத, மாத்து" என்றார்.

ஃபேர் காப்பியில் அதை மட்டும் மாற்றியிருக்கிறேன். வைவா அடுத்த வாரம்.